குட்டைக்குப் படல் கட்டின கதை

எங்கள் சமையலறை ஜன்னல் திட்டில் ரெண்டு ஹார்லிக்ஸ் பாட்டில் ரெண்டு வருசமாக அப்படியே நிற்கிறது. ரெண்டிலும் மழைத்தண்ணி. ஒன்றின் அடியில் ரெண்டு விரக்கடை உயரத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது. இன்னொன்றில் மை வைத்த மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் "இது என்னங்க, மாட்டு மருந்தா?" என்று கேட்பார்கள். ஒரே ராத்திரி, ஒரே மழை, ஒரே குட்டை. அதற்குள் ரெண்டு பக்கமிருந்து வந்து விழுந்த தண்ணியைப் பிடித்து வைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மொதல்ல குட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களுடையது வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் 11 ஏக்கர் கொறங்காடு. கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காக: கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே தலைமுறையாக விட்டு வைத்திருக்கிற சொந்த நிலம். சரளை கலந்த செம்மண். சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி. உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கயம், தாராபுரம், கரூர் பக்கமெல்லாம் இப்படித்தான். வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மீதி மாசமெல்லாம் வறட்சிதான். காங்கயம் மாடு இந்தப் புல்லிலும் இந்த வெயிலிலும் உருவான மாடு.

எங்கள் காடு நாலாகப் பிரிந்திருக்கிறது. மேக்காடு, பனங்காடு, குட்டைக்காடு, வீட்டுக்காடு. நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. சரிவின் அடியில் அரை ஏக்கர் பரப்புக்குக் குட்டை. குட்டைக் கரைக்குக் கீழே 60 அடி தள்ளி வீட்டுக் கிணறு. இந்த 60 அடி பின்னால் எங்களை என்ன பாடு படுத்தப் போகிறது என்று கல்யாணமாகி வந்தபோது யாரும் சொல்லவில்லை.

மாமனார் இருந்தவரைக்கும் குட்டைக்குள் மாடு இறங்கியது இல்லை. காலையில் ஒரு தடவை, பொழுதோட ஒரு தடவை மாட்டை ஓட்டி வந்து தொட்டியில் தண்ணி காட்டுவார். மாடு கட்டித் தண்ணி இறைத்த பழைய கவலைக் கிணற்றடியில் ஒரு கல்தொட்டி உண்டு. அவருடைய அப்பா காலத்துத் தொட்டி. கவலை ஓடிய காலத்தில் பறி என்கிற இறைசாலில் வந்த தண்ணி வாய்க்காலுக்குப் போகும் வழியில் அதில் நிறைந்துவிட்டுத்தான் போகுமாம். மோட்டார் வந்த பிறகு மாமனார் ஹோஸ் போட்டு அதையே நிரப்பிக்கொண்டிருந்தார். "ஏனுங் மாமா, பக்கத்துலயே குட்டை கெடக்குது, அங்க ஓட்டி உட்டா ஆகாதுங்களா?" என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "அம்மிணி, மாடு குடிக்கற எடத்துல மாடு நிக்கப்படாது" என்று மட்டும் சொன்னார். விளக்கம் எல்லாம் சொல்ல மாட்டார். அவர் பேசுவதே அப்படித்தான்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஆள் இல்லை. எங்கள் ஊரில் கால் கை நன்றாக இருக்கிறவர்கள் எல்லாரும் காலை ஆறரைக்குப் பனியன் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாசத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அஞ்சு மாடு, ரெண்டு கன்று, 40 மயிலம்பாடிச் செம்மறி ஆடு, நான் ஒருத்தி. என்ன செய்தேன்? எல்லாரும் செய்வதைத்தான். குட்டைக்காட்டுப் படலைத் திறந்துவிட்டுவிட்டேன். தாகம் எடுத்தால் போய்க் குடிக்கட்டும், வேண்டும்போது மேயட்டும். மூணு வருசம் அப்படியே ஓடியது. தினம் ரெண்டு மணி நேரம் மிச்சம் என்று பெருமையாகக்கூட இருந்தேன்.

மூணாவது வருசம் மாசி கடைசியில் ஆடுகளுக்குக் கழிச்சல். பச்சையாக, நாற்றமாக, வால் முழுக்க ஒட்டிக்கொண்டு. நாலு நாளில் ரெண்டு ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே தண்ணிப் பை மாதிரி தொங்கியது. குடற்புழு மருந்து போன மாசம்தான் கொடுத்திருந்தேன். கால்நடை மருத்துவர் வந்து கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார், வெளுத்துப் போயிருந்தது. பிறகு ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு "குட்டை எங்கீங்க?" என்றார். நேராகக் கரைக்குப் போய்க் குனிந்து, தண்ணி வற்றிய ஓரத்தில் ஒரு குளம்புத் தடத்துக்குள் விரலை விட்டார். எடுத்த விரலில் மூணு நத்தை. நகக்கண் அளவுதான் இருக்கும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். ஆட்டு வயிற்றிலும் மாட்டு வயிற்றிலும் தட்டைப்புழு இருக்கிறது. அதன் முட்டை சாணியோடு தண்ணியில் விழுகிறது. தண்ணியில் பொரித்து நத்தைக்குள் போகிறது. நத்தைக்குள் பெருகி வெளியே வந்து, கரையோரப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. மாசி பங்குனியில் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது பச்சையாக இருப்பது அந்தக் கரையோரப் புல் ஒன்றுதான். ஆடு அங்கேதானே போய் நிற்கும்? நாங்கள் உபயோகித்த பூச்சி மருந்து உருண்டைப் புழுவுக்கானது, தட்டைப்புழுவுக்குக் கேட்காது. "மருந்து நான் எழுதித் தர்றேன். ஆனா இந்தக் குட்டை இப்படியே இருந்தா வருசா வருசம் நான் வரோணும்" என்றார். நத்தையைத் தின்ன வாத்து வளர்க்கலாம் என்றும் சொன்னார். ஆறு வாத்து வாங்கினேன். எங்கள் நாய்க்கு அந்த வாரம் விருந்து. மூணு ஆடு செத்துப்போனது, வாத்துக் காசு தனி.

அதே கோடையில் மகள் குழந்தையோடு வந்திருந்தாள். ரெண்டு வயசுப் பேரனுக்கு வயிற்றுப்போக்கு, வெள்ளகோவில் ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் குளுக்கோஸ். "தண்ணியக் காய்ச்சிக் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. கிணற்றுத் தண்ணி. 60 அடி.

கிணற்றுத் தண்ணியைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். கொதிக்க வைத்த பாட்டிலில் பிடித்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்றார்கள். முடிவுத் தாளில் ரெண்டு இடத்தில் சிவப்பு மையில் வட்டம். ஈ.கோலி இருக்கிறது. குடிதண்ணியில் 100 மில்லிக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. சாணியோ மலமோ கலக்காமல் அது வராது. இன்னொரு வட்டம் நைட்ரேட்டுக்கு. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, எங்களுடையது 60 சொச்சம்.

இதை ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். "அட, மாட்டுச் சாணியில தண்ணி கெட்டுப்போச்சாமா!" சிரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் காரணம் உண்டு. என் பொறந்த வீடு நொய்யல் ஓரம். 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை வந்தபோது எனக்குப் பதினஞ்சு வயசு. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கியது. எங்கள் அப்பா ஆற்றுக்கு மாட்டை ஓட்டிப் போவார். மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையை உதறித் திரும்பிவிடும். கிணறெல்லாம் உப்புக் கரித்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அதைப் பார்த்த ஊரில் போய்ச் சாணியைப் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் பேரனுக்குக் குளுக்கோஸ் ஏறியது சாயத்தண்ணியால் அல்ல.

ஒரு நாள் மதியம் வெள்வேல் நிழலில் உட்கார்ந்து வெறுமனே பார்த்தேன். பன்னெண்டு மணியிலிருந்து மூணு வரைக்கும். ஆடுகள் வந்தன, கரையில் முன்னங்காலை மட்டும் நனைத்துக் குடித்தன, போய்விட்டன. ஆட்டுக்குக் கால் நனைவது பிடிக்காது. மாடு அப்படியில்லை. மயிலைப் பசு முதலில் இறங்கியது, வயிறு தொடும் ஆழம் வரைக்கும் போய் நின்றது. குடித்தது. பிறகு அங்கேயே நின்றது, ஒரு மணி நேரம், கண்ணை மூடி, காதை மட்டும் ஆட்டிக்கொண்டு. வெயிலுக்கு அது சுகம், அதைக் குறை சொல்ல முடியாது. குடித்துக் கொஞ்ச நேரத்தில் வாலைத் தூக்கியது. நான் ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மூணு மணி நேரத்தில் அஞ்சு மாடும் சேர்ந்து ஒன்பது தடவை சாணி போட்டன. அதில் ஆறு தண்ணிக்குள். கரையெல்லாம் குளம்புத் தடம், ஒவ்வொரு தடத்திலும் ஒரு கரண்டித் தண்ணி, அதில் கொசுப்புழு நெளிகிறது, நத்தை ஒட்டியிருக்கிறது. நடுவில் தண்ணி பச்சைப் பெயிண்ட் கரைத்தது போல. சாணியிலும் மூத்திரத்திலும் இருக்கிற சத்துதான் பாசிக்கு உரம். வயலுக்குப் போக வேண்டிய எருவைக் குட்டைக்குப் போட்டுக் குட்டையில் பாசி விவசாயம் செய்துகொண்டிருந்தேன், வேறென்ன!

அப்போதுதான் மாமனார் சொன்ன அந்த ஒற்றை வரி புரிந்தது. மாடு குடிக்கற எடத்துல மாடு நிக்கப்படாது. அவர் இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன்.

சரி, தொட்டி வைப்போம் என்று கிளம்பி முதல் வருசம் செய்தது சுத்த முட்டாள்தனம். கரைக்குக் கீழே தொட்டி வைத்தால் குழாய் போட்டு மோட்டார் இல்லாமலே தண்ணி இறங்கிவிடுமே என்று கணக்குப் போட்டு, குட்டைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டினோம். ரெண்டே மாசத்தில் தொட்டியைச் சுற்றி முழங்கால் சேறு. மாடு எங்கே குடிக்கிறதோ அங்கேதான் நிற்கும், அங்கேதான் சாணி போடும். குட்டைக்குள் விழுந்துகொண்டிருந்ததை இப்போது கிணற்றுக்கு இன்னும் 30 அடி பக்கத்தில் கொண்டுவந்து கொட்டியிருந்தேன். அடுத்த பரிசோதனையில் அதே சிவப்பு வட்டம்.

தங்கை மகன் வேளாண்மைக் கல்லூரியில் படிக்கிறான். அவன் போனில் ஒன்று காட்டினான். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேய்ச்சல் நிலத்தில் செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு. ஓடையும் இருக்கிறது, தள்ளி ஒரு தொட்டியும் இருக்கிறது என்றால், மாடுகள் குடிக்கப் போனதில் 100-க்கு 92 தடவை தொட்டிக்குத்தான் போயினவாம். ஓடைக்கரை அரிப்பு 77 சதவீதம் குறைந்ததாம், வேலியே போடாமல். "பெரீம்மா, தொட்டி வெச்சது தப்பில்ல. வெச்ச எடம்தான் தப்பு" என்றான். காசு கொடுத்துப் படிக்க வைப்பதில் இப்படியும் ஒரு பலன்.

இடத்தை மாற்றினோம். மேக்காட்டு மேட்டில், குட்டையிலிருந்து 200 கஜம் தள்ளி. அந்தப் பக்கம் புல் எப்போதும் முழங்கால் உயரம் நிற்கும், மாடு அவ்வளவு தூரம் ஏறாது. குட்டையைச் சுற்றித்தான் மொட்டையடித்திருக்கும். கணக்குப் பார்த்தோம். கோடையில் பெரிய மாடு ஒன்று நாளைக்கு 50 லிட்டர் குடிக்கும், அஞ்சுக்கு 250. ஆட்டுக்கு அஞ்சு லிட்டர் வைத்தால் 40 ஆட்டுக்கு 200. ஆக 450. மேட்டில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், குட்டையிலிருந்து அரை ஹெச்பி மோட்டாரில் ஏற்றினால் ரெண்டு நாளைக்குத் தாங்கும். டேங்கிலிருந்து தொட்டிக்கு மிதவை வால்வு, குறையக் குறைய நிரம்பிக்கொள்ளும்.

தொட்டி எது? அந்தப் பழைய கல்தொட்டிதான். நாலு ஆள் சேர்ந்தும் அசையவில்லை, ஜேசிபிக்காரர் பக்கத்துக் காட்டுக்கு வந்திருந்தார், 500 ரூபாயும் ஒரு டீயும். தூக்கியபோது பார்த்தேன், தொட்டியின் ஒரு விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்து பள்ளமாக இருந்தது. நூறு வருசமாக மாடுகள் கழுத்தை வைத்துக் குடித்த இடம். அதற்குப் பக்கத்தில் ஒரு ஆவுரிஞ்சு கல்லும் கிடந்தது. மாடு உடம்பு தேய்த்துக்கொள்ள நட்டு வைக்கிற கல். முப்பத்திரண்டு அறங்களில் அதையும் ஒன்றாக எண்ணியிருக்கிறார்கள் நம்மவர்கள். கல்லையும் கொண்டுபோய் நட்டோம். தொட்டியைச் சுற்றிப் பத்தடிக்குச் சரளை கொட்டி மட்டம் பண்ணினோம், சேறாகாமல் இருக்க. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை தொட்டியைத் தேய்த்துக் கழுவி உள்ளே சுண்ணாம்பு அடிக்கிறேன், பாசி பிடிக்காது. தாது உப்புக் கட்டியைப் பனங்காட்டில் கடைசி வெள்வேல் மரத்தில் தொங்கவிட்டோம். தண்ணி ஒரு மூலை, உப்பு ஒரு மூலை. மாடு ரெண்டுக்கும் நடந்தே ஆக வேண்டும், நடக்கிற வழியெல்லாம் மேயும். ஆள் வைத்து ஓட்டாமலே மேய்ச்சல் பரவலானது.

வர்ஜீனியா மாடு வேலியில்லாமல் கேட்டிருக்கலாம். எங்கள் மாடு குடிப்பதற்குத் தொட்டிக்குப் போனது சரி, மதியம் குளிக்கிற மாதிரி நிற்பதற்குக் குட்டைக்கே வந்தது. பங்குனி வெயில் அப்படி. அதனால் குட்டையைச் சுற்றி வேலியும் போட்டோம். பழைய வேலியிலிருந்து கிளுவைக் கிளைகளை ஆளுயரத்துக்கு வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டோம். பத்தில் ஏழு துளிர்த்தது, இடைவெளியில் அடுத்த வருசம் மறுபடி நட்டோம். ஒரே ஒரு படல். அது பூட்டியே இருக்கும். நிழலுக்குக் குட்டை ஓரம் வந்த மாடுகளுக்கு மேட்டில் தொட்டிக்குப் பக்கத்தில் ரெண்டு வேம்பு வைத்தேன். அது நிழல் தர இன்னும் அஞ்சாறு வருசம் ஆகும். அதுவரைக்கும் தென்னங்கீற்றுப் பந்தல்.

இதெல்லாம் செய்த பிறகு வந்த ஐப்பசியில்தான் அந்த ரெண்டு பாட்டில். ராத்திரி ஒன்பது மணிக்குப் பிடித்த மழை ரெண்டு மணிக்கு விட்டது. தூக்கம் வரவில்லை, டார்ச்சை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனேன். குட்டைக்கு ரெண்டு ஓடை. ஒன்று எங்கள் பனங்காட்டிலிருந்து வருவது. இன்னொன்று வடக்கே பக்கத்துக் காட்டிலிருந்து வருவது. எங்கள் ஓடையில் தண்ணி லேசாகக் கலங்கி, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. வடக்கு ஓடையில் செங்குழம்பு, டம் டம் என்று கல்லை உருட்டிக்கொண்டு. டார்ச் வெளிச்சத்தில் ரத்தம் மாதிரி இருந்தது. ரெண்டையும் பிடித்து வந்து வைத்தேன். காலையில் பார்த்தால் மேலே சொன்னபடி.

பக்கத்துக் காட்டிலும் அதே மண், அதே சரிவு, அதே மழை. அங்கே புல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். புல் இருந்தால் மழைத்துளி இலையில் விழுந்து நழுவுகிறது, ஓடுகிற தண்ணியைத் தூர் தடுத்து நிறுத்துகிறது, வேர் வழியாக நிலத்துக்குள் இறங்குகிறது. மொட்டைத் தரையில் துளி நேராக மண்ணை அடித்துக் கிளப்பி, கிளம்பின மண்ணையும் அங்கே கிடக்கிற புழுக்கை சாணி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு குட்டைக்கு வந்துவிடும். குட்டைக்கு நான் எத்தனை கிளுவை வேலி போட்டாலும் மேலே இருந்து வருவதை வேலி தடுக்குமா? குட்டை சுத்தமாக இருப்பது பாதி கரையில், மீதிப் பாதி மேட்டில் எவ்வளவு புல்லை விட்டு வைக்கிறோம் என்பதில்.

எங்கள் காட்டில் கணக்கு இதுதான். கொழுக்கட்டைப் புல்லை அரைச் சாணுக்குக் கீழே கடிக்க விடுவதில்லை. அந்த உயரம் வந்ததும் படலை மாற்றி அடுத்த காட்டுக்கு ஓட்டிவிடுவேன். மழை விழுந்தவுடன் புல் தளதளவென்று கிளம்பும். அப்போது விட்டால் அடித்தூரோடு போய்விடும். அதனால் ஐப்பசியில் ரெண்டு காட்டையாவது பூட்டி வைத்து, கதிர் வந்து விதை உதிர்ந்த பிறகே திறப்பேன். அந்த ரெண்டு மாசம் ஆடு மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுச் சமாளிக்க வேண்டும், அதற்குக் காசு வேண்டும், வலிக்கும். ஓடை குட்டைக்குள் நுழைகிற வாயில் முப்பதடிக்கு வெட்டிவேர் நட்டு, அதற்கு மேலே புல்லை மேயாமல் விட்டிருக்கிறேன். அங்கே மட்டும் சித்திரை வைகாசியில், தரை கட்டாந்தரையாகக் காய்ந்திருக்கும்போது, மாட்டை ரெண்டே நாள் விடுவேன்.  

பக்கத்துக் காடு விஷயத்துக்கு வருகிறேன். உடைமைக்காரர் திருப்பூரில் இருக்கிறார், காட்டை வருசக் குத்தகைக்கு விடுகிறார். எடுத்தவர் 120 உருப்படி வைத்திருக்கிற பெரியவர், எனக்கு மாமன் முறை. பாட்டில் ரெண்டையும் எடுத்துப் போய் அவரிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொல்றது வாஸ்தவம்தான் அம்மிணி. நான் அரைச் சாண் புல்ல உட்டுட்டுப் போனா, வர்ற தை மாசம் குத்தகை ஏத்திக் கேட்டு இன்னொருத்தன் எடுத்துக்குவான். நான் உட்ட புல்ல அவன் ஆடு திங்கும். நான் எதுக்கு உடோணும்?"

பதில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வருசக் குத்தகை என்பது "முடிந்தவரைக்கும் வழித்துக்கொண்டு போ" என்று எழுதிக் கொடுப்பதுதான். உடைமைக்காரருக்குப் போன் போட்டு மூணு வருசமாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவருக்கு அது தலைவலி. "பாக்கலாங்க" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வழி எதிர்பாராமல் வந்தது. அந்தக் கோடையில் பெரியவர் குத்தகைக் காட்டில் இருந்த போர்வெல் நின்றுவிட்டது. 900 அடி, காற்றுதான் வந்தது. 120 ஆட்டை ரெண்டு மைல் ஓட்டிப் போய்த் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார், எழுபது வயசில். நான் போய்ச் சொன்னேன்: "மாமா, ஆட்டை எங்க தொட்டிக்கு ஓட்டீட்டு வாங்க. வருசம் பூரா தண்ணி நான் தர்றேன். நீங்க ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசம் ஓடைப்பக்கத்துக் காட்ட மட்டும் பூட்டி வெய்யுங்க." கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டு நின்றார். "மூணு மாசம் ஆகாது. ரெண்டு" என்றார். ரெண்டுக்கு ஒத்துக்கொண்டேன். காகிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. 120 ஆட்டுக்கு நாளைக்கு 600 லிட்டர். மோட்டார் இன்னும் ஒரு மணி நேரம் கூட ஓடுகிறது. போன ஐப்பசியில் அவர் சொன்னபடி பூட்டினார். மூணாவதாக ஒரு பாட்டில் பிடித்தேன். படிந்தது ஒரு விரக்கடை. எங்கள் பாட்டில் அளவுக்கு வரவில்லை, ஆனால் பாதிக்குப் பாதி. அது அவர் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கிணறு? போன தையில் மறுபடி பரிசோதித்தோம். ஈ.கோலி இல்லை. இதற்குக் குட்டை மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். நடுவில் ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது: எங்கள் குப்பைக்குழி கிணற்றுக்கு 40 அடியில் இருந்தது. மாட்டைத் திட்டிக்கொண்டே இத்தனை நாளும் அந்தக் குழிக்குள் நானே தினம் ரெண்டு கூடை சாணி கொட்டிக்கொண்டிருந்தேன். அதை வீட்டுக்காட்டு மறுமுனைக்கு மாற்றினோம், கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் எழுப்பினோம். நைட்ரேட் 60-லிருந்து 52-க்கு வந்திருக்கிறது. அது நிலத்தில் இறங்கின சரக்கு, அவ்வளவு சீக்கிரம் போகாது. பேரன் வந்தால் இன்னமும் காய்ச்சி ஆற்றின தண்ணிதான்.

ஆட்டுக்குத் தாடை வீக்கம் ரெண்டு வருசமாக இல்லை. குட்டை பச்சையாக இல்லை; மாசி வரைக்கும் அடி தெரிகிறது. கோரை முளைத்து, அதில் ரெண்டு தாழைக்கோழி குடியிருக்கிறது. வாத்து செய்யாத வேலையை அவை செய்யுமா என்று பார்க்கிறேன்.

எல்லாம் ஒழுங்காகப் போகிறது, ஒன்றைத் தவிர. மயிலையின் கடைசிக் கன்று, ஒன்றரை வயசுக் கிடாரி. அதற்குக் கல்தொட்டி பிடிக்கவில்லை. நேற்று மத்தியானம் வேலியைச் சுற்றி வந்தபோது தெற்கு மூலையில் ரெண்டு கிளுவைக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, தோள் நுழையாமல், நாக்கை மட்டும் குட்டைத் தண்ணிப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் தலையைப் பின்னால் இழுத்தது, கொம்பு மாட்டிக்கொண்டது. கிளையை வளைத்து விடுவித்தால் நன்றிகூட இல்லை, வாலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. ஆடி போனதும் அந்த இடத்தில் இன்னும் நாலு கிளுவைப் போத்து நட வேண்டும்.